பிக்கப் வண்டியில் எண்ணெய், கூலன்ட் கசிவு: வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்தவுடன் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்கள், பெரும்பாலும் நன்றாக இருக்கும் பாகத்தைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன பாகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கை (கேஸ்கெட்) இரண்டு முறை மாற்றியும் சொட்டு நிற்கவில்லை. மூன்றாவது முறை விளக்கை மேலே பிடித்துப் பார்த்தபோதுதான், எண்ணெய், இன்ஜினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிந்து, இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, சம்ப்பின் விளிம்பில் வந்து தொங்கியது தெரிந்தது. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. கீழே சொல்லியிருப்பதில் பாதி, இந்த இரண்டையும் பிரித்தறிவதைப் பற்றியது.

சேலம் நகருக்குள்ளேயே ஓடும் வண்டி சிறு கசிவோடு சில மாதங்கள் சமாளித்துவிடும். அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காட்டுக்கு மூட்டை கொண்டு போகிற வண்டி சமாளிக்காது. ஏறும்போது தாழ்ந்த கியரில், குறைந்த காற்றோட்டத்தில் இன்ஜின் கடுமையாகச் சூடாகிறது. இறங்கும்போது பிரேக் ஓயாமல் வேலை செய்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பாக்ஸ் ஸ்பேனர் செட், ஜாக்கி, ஒரே உயரமுள்ள இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அணை கொடுக்க மரக்கட்டைகள், நல்ல டார்ச், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, அகலமான தட்டு அல்லது பாதியாக அறுத்த எண்ணெய் கேன், பனியன் வேஸ்ட், பழைய பல் துலக்கும் பிரஷ், முகப்பவுடர் ஒரு டப்பா ஆகியவை போதும். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் ஆறாம் பகுதியில் சொல்லும் எச்சரிக்கையை இரண்டு முறை படிக்க வேண்டும்.

உதிரி பாகம் எதையும் இப்போதே வாங்க வேண்டாம். கசிவின் இடம் உறுதியான பிறகு, சேசிஸ் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு கேஸ்கெட்டும் ஹோஸும் மாறுவதால், வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கியது பல நேரங்களில் பொருந்துவதில்லை. மலையில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்; இன்ஜினைத் திறந்து போட்டுவிட்டு, ஒரு வாஷருக்காகப் பேருந்தில் சேலம் இறங்கி ஏறினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

2. வண்டியை நிறுத்துவதும் தூக்குவதும்

தரை மட்டமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஏற்காட்டில் மட்டமான இடம் என்றால் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது காபி காயவைக்கும் சிமென்ட் களம்தான். அங்கே மட்டும் வேண்டாம். சிமென்ட்டில் இறங்கிய எண்ணெய் வாடை எளிதில் போகாது, காபிக்கொட்டையோ எந்த வாடையையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும்.

கை பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, தரையில் இருக்கப் போகும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கி. முன்பக்கத்தைத் தூக்குவதற்கு முன் பின்சக்கரக் கட்டைகளை உதைத்துப் பாருங்கள். தூக்கியதும் சேசிஸ் சட்டத்தின் அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியின் எடையை அவற்றின் மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போவதும், ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்குவதும் உயிரை எடுக்கும் பிழைகள். ஹாலோ பிளாக் சுவரில் பரவலான சுமையைத் தாங்கும். இரும்புச் சட்டத்தின் ஒரு முனை அழுத்தும்போது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

3. எந்தத் திரவம் என்பதை அட்டையில் பார்த்தல்

பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, வெளுத்த பக்கம் மேலே இருக்கும்படி, இரவு முழுவதும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் விரித்து வையுங்கள். அட்டை முன்சக்கரங்களுக்கு நேராக எங்கே இருந்தது என்பதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால், காலையில் அட்டையை இழுத்த பிறகு எந்தக் கறை எதற்கு நேரே இருந்தது என்பது புரியாமல் போகும்.

கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். டீசல் இன்ஜினில் புதிய ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும் என்பதால் நிறத்தை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர்பாக்ஸ் அல்லது கிரவுன் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என ஏதோ ஒரு சாய நிறத்தோடு, தண்ணீர் போல நீர்த்து, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். அதை ஒருபோதும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது; பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு, நாய்கள் அதன் இனிப்புக்கு மயங்கி நக்கும். பிடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருந்து, சக்கரத்தின் உட்பக்கமோ பெடலுக்கு அடியிலோ ஈரம் காட்டினால் பிரேக் ஆயில் என்று எடுத்துக்கொண்டு, நேராக எட்டாம் பகுதிக்குப் போங்கள். ஏசி ஓடிய பிறகு கேபினுக்கு அடியில் சொட்டும் வெறும் தண்ணீர் கசிவே அல்ல.

4. கழுவுதல், பவுடர் தூவுதல், ஓட்டிப் பார்த்தல்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பழைய எண்ணெயும் புழுதியும் படிந்த இன்ஜினில் எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். அதில் கசிவைத் தேடுவது அழுக்கில் அழுக்கைத் தேடுவது போன்றது.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி விலக்கி வையுங்கள். ஆல்டர்னேட்டரையும் காற்று வடிகட்டியின் வாயையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். டிகிரீசரை அல்லது சிறிதளவு டீசலைப் பிரஷில் தொட்டு, மேலிருந்து கீழாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தெடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தத் தண்ணீரால் அடிக்கச் சொல்வது எளிதாகத் தோன்றும். அந்தத் தண்ணீர் வயர் இணைப்புகளுக்குள் புகுந்து புதிய தொல்லையைத் தரும். துடைத்த துணிகளில் டீசல் இருப்பதால், பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது.

நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து, எண்ணெய் அளவையும் கூலன்ட் அளவையும் சரிபார்த்து, வண்டி முழுச் சூடு ஏறும் அளவுக்கு ஓட்டுங்கள். சேலத்தில் இருப்பவர்கள் கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய்த் திரும்பினால் போதும். அதற்கு மேல் ஏற வேண்டாம். என்ன கசிகிறது என்று தெரியாத வண்டியை மலைக்கு ஏற்றுவது முறையல்ல.

திரும்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சும் கண்ணாடியும் கொண்டு மேலிருந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதாவது மிக உயரத்தில் நனைந்த இடம் எதுவோ, அதுதான் கசிவின் இடம். ஓடும்போது காற்று திரவத்தைப் பின்னோக்கித் தள்ளும் என்பதால், உயரமான புள்ளி இரண்டு கிடைத்தால் முன்பக்கம் இருப்பதையே முதலில் நம்புங்கள். முதல் ஓட்டத்தில் எதுவும் தெரியாவிட்டால் சலித்துக்கொள்ளாமல் மறுநாளும் ஓட்டிப் பாருங்கள்.

5. கழற்றாமலே தீரக்கூடிய காரணங்கள்

அண்மையில் ஆயில் மாற்றிய வண்டி என்றால் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் முதலில் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டி நின்று, அதன் மேலேயே புதிய ஃபில்டரைப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது, அழுத்தம் ஏறியதும் ஆயில் பீறிடும். டிரெயின் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அதே வாஷரை மறுபடி போட்டு, சொட்டு நிற்கவில்லை என்று போல்ட்டை மேலும் முறுக்கினால் சம்ப்பின் மரைதான் போகும்.

அடுத்தது பிரீதர் குழாய். இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி, நல்ல பேக்கிங்குகளையும் ஆயில் சீல்களையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குழாயைக் கழற்றி, டீசலில் கழுவி, ஊதிப் பார்த்துப் பூட்டுங்கள். இதைச் செய்யாமல் பேக்கிங் மாற்றினால், புதிய பேக்கிங்கும் சில வாரங்களில் கசியும். பழியைக் கடைக்காரர் மேல் போடுவோம்.

6. டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றுதல்

ஆறிய இன்ஜினில் கவரைச் சுற்றி மறுபடி துடைத்து விடுங்கள், ஏனெனில் கவரைத் தூக்கும்போது விளிம்பில் உள்ள மணல் நேராக வால்வுகளின் மேல் விழும். வழியை மறைக்கும் குழாய்களையும் வயர்களையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். சில வண்டிகளில் நீளம் வேறுபடும், குட்டை போல்ட் இருந்த இடத்தில் நெட்டை போல்ட்டைப் போட்டால் அடியில் முட்டிக்கொண்டு, இறுகியது போலப் பொய் காட்டும்.

கவர் ஒட்டியிருந்தால் ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பக் கூடாது. அலுமினியப் பரப்பில் விழும் ஒரு கீறல் போதும், அதன் பிறகு எந்தப் பேக்கிங்கும் அங்கே நிற்காது. கவர் வந்ததும் எண்ணெய் கீழிறங்கும் துளைகளைச் சுத்தமான துணியால் மூடி, எத்தனை துணி வைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே மறந்த ஒரு துணி எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

பழைய பேக்கிங்கைப் பிய்த்து, ஒட்டியதைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, இரண்டு பரப்புகளையும் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடையுங்கள். ரப்பர் பேக்கிங் உலர்ந்த பரப்பில்தான் பிடிக்கும். சீலன்ட் பசை, தயாரிப்பாளர் சொன்ன மூலைகளிலும் இணைப்புக் கோடுகளிலும் மட்டும் ஒரு சிறு மணியளவு வைத்தால் போதும். சுற்றிலும் தாராளமாகப் பூசினால், உட்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெயோடு போய் சம்ப்பில் உள்ள வலையை அடைக்கும்.

துணிகளை எண்ணி எடுத்த பிறகு கவரை வைத்து, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கைவிரலால் முறுக்குங்கள். பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். ஒரு முனையில் தொடங்கினால் பேக்கிங் மறுமுனையில் அலைபோல எழும்பி நிற்கும். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறும் இந்தச் சிறிய போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் நீண்ட கைப்பிடியை விட்டுவிட்டு, ரேச்சட்டின் தலைப்பகுதியை உள்ளங்கையில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்கட்டும். “இன்னும் ஒரு சுத்து வச்சா நின்னுடும்ணே” என்று எனக்கு உதவிக்கு வந்த ஓட்டுநர் தம்பி வைத்த அந்த ஒரு சுற்றில், பேக்கிங் நசுங்கி வெளியே பிதுங்கியது, போல்ட் துளையின் மரையும் போனது. அதன் பிறகு மரை போட ஒரு லேத் பட்டறையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

7. ரேடியேட்டர் ஹோஸில் கூலன்ட் கசிந்தால்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, துணியைப் போர்த்தி, மெதுவாகக் கால் திருப்பு திருப்பி நிறுத்தி, சீறல் அடங்கிய பிறகு எடுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, அதில் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த அளவுள்ள புதிய மூடியை வாங்குங்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். கொதிநிலையை உயர்த்தி வைப்பதில் மூடி தாங்கும் அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கசியும் மூடியோடு மலை ஏறுகிறவர்கள் ஹோஸை எத்தனை முறை மாற்றினாலும் கொதிப்பு நிற்காது.

கீழே தட்டை வைத்து கூலன்ட்டை இறக்குங்கள். ஹோஸ் கிளிப்பைத் தளர்த்திப் பின்னுக்கு நகர்த்தி, ஹோஸை முறுக்கி இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். எப்படியும் புதிய ஹோஸ்தான் போடப் போகிறீர்கள். நெம்பினால் ரேடியேட்டரின் கழுத்து உடையும், அதன் விலைக்கு முன் ஹோஸின் விலை ஒன்றுமே இல்லை.

கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை நைஸான உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து எடுங்கள். நீளவாக்கில் விழும் கீறல் கசிவுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதாகும். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்றால், நாம் ஊற்றிய போர் தண்ணீரிலிருந்து. நம் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. வீட்டு வாளியின் ஓரத்தில் படிகிற அதே வெண்படலம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். எனவே கலவைக்கு வாலை வடிநீர், அதாவது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. கெட்டி கூலன்ட் என்றால் பொதுவாகச் சரிபாதி. நேராக ஊற்றும் வகை என்றால் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள், இரண்டும் சேலத்துக்கும் தேவையானவை.

புதிய ஹோஸை நுழைக்கச் சோப்புத் தண்ணீரோ கூலன்ட்டோ தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் இந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கிளிப்பை முதலிலேயே ஹோஸில் கோத்துவிடுங்கள். கழுத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்குப் பின்னால், ஹோஸின் விளிம்பிலிருந்து சிறிது உள்ளே கிளிப் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே இறுக்கினால் சூடு ஏறியதும் ஹோஸ் நழுவும்.

நிரப்பும்போது முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் காற்று எளிதாக வெளியேறும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மலை வீட்டின் சரிவு வாசல் உதவும், சக்கரக் கட்டைகள் உறுதியாக இருந்தால். மெதுவாக ஊற்றி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகும்போது, சூட்டுக்கேற்ப கூலன்ட்டின் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அப்போது மட்டம் இறங்கும், மேலும் ஊற்றி, குமிழிகள் நின்றதும் மூடுங்கள். மறுநாள் குளிர்ந்த நிலையில் மட்டத்தையும் கிளிப்பின் இறுக்கத்தையும் மீண்டும் பாருங்கள்.

ஹோஸ் காய்ந்திருந்து, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து கசிந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்சீலால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை இருப்பதே சீல் கெட்டதை நமக்குச் சொல்வதற்காக. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

8. வீட்டு வாசலில் தொடக் கூடாதவை

பிரேக் ஆயில் கசிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். பட்டறை பக்கத்தில்தான் என்று மெதுவாக ஓட்டிச் செல்வதும் கூடாது. மெக்கானிக்கை வரவழையுங்கள், இல்லையேல் வண்டியை ஏற்றிச் செல்லுங்கள். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்துப் போட்டால் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

புதிய டீசல் இன்ஜின்களில், டீசலை உயர் அழுத்தத்தில் கொண்டுபோகும் காமன் ரெயில் குழாய்களின் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். ஓடும் இன்ஜினில் அங்கே கசிவைக் கையால் தடவித் தேடினால், ஊசி போன்ற அந்தப் பீறல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெளியே ஒரு துளியும் கசியாமல் கூலன்ட் குறைந்து, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை தெரிந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். இன்ஜினை மறுபடி ஓட்டாமல் பட்டறைக்கு ஒப்படைத்துவிடுங்கள்.

9. சோதனை ஓட்டம்

வேலை முடிந்ததும் தட்டில் பிடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. ஓடையிலோ தோட்டத்து வேலிக்காலிலோ ஊற்றாமல், பழைய ஆயிலைப் பொறுப்பாக வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

பிறகு பழுது பார்த்த இடத்தில் மறுபடி பவுடர் தூவி, சுமையில்லாமல் அடிவாரம் வரை ஓட்டுங்கள். அங்கே நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்து, பவுடர் வெள்ளையாகவே இருந்தால் முதல் சில வளைவுகள் மட்டும் ஏறித் திரும்புங்கள். தாழ்ந்த கியரில் இன்ஜின் இழுக்கும்போது கசிவதும், சமதளத்தில் காய்ந்து கிடப்பதுமான கசிவுகள் உண்டு. வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டுகிறதா என்று வழியெல்லாம் கவனியுங்கள். அன்றிரவு புதிய அட்டையை, அதே குறிகளோடு, அதே இடத்தில் விரியுங்கள். காலையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் போல்ட்டை மேலும் இறுக்கப் போகாமல், நான்காம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் கசிவு மறைத்து வைத்திருந்த இரண்டாவது கசிவாக அது இருக்கக்கூடும். மூன்று இரவுகள் அட்டை காய்ந்திருந்தால் மூட்டையை ஏற்றலாம்.